யாரும் வாங்காத மெஷினுக்கு ஒரு விளையாட்டு

அந்தக் கம்ப்யூட்டரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால், அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலிச் சீமையில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் வைத்திருந்தது வேறொரு மெஷின். அதற்கு மெட்ராசிலிருந்து கேசட் கேசட்டாக விளையாட்டு வரும். பத்திரிகையில் பாடம் வரும். அது வைத்திருக்கிற வீட்டுப் பையன்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தனி மரியாதை கிடைக்கும். எங்களுடையதற்குத் தூசி மட்டும்தான் வரும்.

அதை வாங்கியது என் அண்ணன். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் டிவியும் டேப் ரெக்கார்டரும் விற்கிற கடைக்குப் போனான். விற்காத சரக்கை வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டுவது கடைக்காரர்களுக்குப் புதிதா என்ன. வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியில் மாட்டி, தன் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் திரை முழுக்க ஓடவிட்டு எல்லாருக்கும் காட்டினான். லீவு முடிந்து கிளம்பிவிட்டான். மெஷின் அட்டைப்பெட்டிக்குள் போய் பீரோ மேலே ஏறிக்கொண்டது.

அதைக் கீழே இறக்கியது நானும் மைனியும். மைனி என்றால் அந்த அண்ணனின் மனைவி. நான் அப்போது தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மைனி வீட்டில் இருந்தாள். தலையணை உறைகளில் கட்டம் எண்ணி கிளியும் ரோஜாவும் தைப்பாள். மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டியபோது, அதிலும் படம் என்பது எட்டுக்கு எட்டுக் கட்டத்தை நிரப்புகிற வேலைதான் என்று தெரிந்தது. "இதுக்கா உங்க அண்ணன் இவ்வளவு அலட்டினாரு" என்றாள் மைனி. அப்படித்தான் ஆரம்பித்தது. விரல் என்னுடையது, கண் அவளுடையது. சமையல் முடிந்து வீடு மதியத் தூக்கம் போடுகிற நேரம் எங்களுடைய வேலை நேரம்.

எழுதியதை மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. டேப் ரெக்கார்டரை அதனோடு இணைத்துக் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். மறுபடி வேண்டுமென்றால் கேசட்டை ஓடவிட வேண்டும். கீச்சென்று காதைப் பிளக்கிற சத்தமாகத்தான் அது கேசட்டில் இருக்கும். அந்தச் சத்தத்தை மெஷின் கேட்டுப் புரிந்துகொண்டால் விளையாட்டு திரையில் வரும், இல்லையென்றால் வராது. நடுவில் வேறு சமாதானம் கிடையாது.

என்ன விளையாட்டு என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. வயிற்றெரிச்சல் தயாராக இருந்தது.

சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். ஆனியில் சாரல் விழுந்ததோ இல்லையோ, மெட்ராசிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். காலையில் எல்லாரையும் குத்தாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேராக அருவிக்குள் போய்விடுவார்கள். பெண்கள் பக்கம் விருந்தாளிப் பெண்கள் போவார்கள். யாராவது ஒருத்தி துணியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அந்த ஒருத்தி எப்போதும் நான், இல்லையென்றால் மைனி. வேட்டி, துண்டு, பை, முறுக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் பாறையில் பரப்பிக்கொண்டு குரங்குகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அவர்கள் குளித்துவிட்டு வந்ததும் பசிக்கிறது என்பார்கள், வேனில் ஏறச் சொல்வார்கள். அருவிக்கு மூன்று மைல் தூரத்தில் பிறந்து வளர்ந்து, சீசனுக்குச் சீசன் போய், நனையாமல் வீடு திரும்பிய கட்டை இது.

ஆகவே எங்கள் விளையாட்டுக்குப் பெயர் 'துணிக்காவல்'. திரையின் நடுவில் பாறை. பாறையில் மூன்று துணி மூட்டை. ஒன்று வீட்டுக்காரருடையது, ஒன்று மாமியாருடையது, ஒன்று பிள்ளைகளுடையது. இரண்டு பக்கமும் குரங்குகள் வரும். சேலை கட்டிய ஒரு பெண் ஓடி ஓடி விரட்டுவாள். ஓரத்தில் அருவி கொட்டிக்கொண்டிருக்கும். மூன்று மூட்டையும் போனால் ஆட்டம் முடிந்தது.

ஒரு குரங்கை விரட்டினால் ஒரு புள்ளி என்று நான் முதலில் எழுதியிருந்தேன். உலகத்தில் எல்லா விளையாட்டும் அப்படித்தான். மைனி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"காவல் காத்ததுக்கு எவன் என்னைக்கு நமக்கு மார்க் போட்டான்? அழி அத."

அழித்தேன். புதுச் சட்டம் மைனியுடையது. எவ்வளவு நேரம் காவல் காத்தாலும் சைபர்தான். மூட்டைகளை விட்டுவிட்டு அந்தப் பெண் அருவிக்கு அடியில் போய் நிற்க வேண்டும். நிற்கிற நேரம் மட்டும் புள்ளி ஏறும். அதற்குள் குரங்கு எதையாவது தூக்கிக்கொண்டு போனால், துணிக்கு உரியவர் அருவிக்குள்ளிருந்து கத்துவார். கத்துவது தமிழில்தான். மெஷினுக்குத் தமிழ் தெரியாது. தேவைப்பட்ட எழுத்துகளை மட்டும் மைனி கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தாள். இடம் போதாமல், மாமியார் பேச வேண்டியதைப் பாதியாகக் குறைத்தோம். மெஷினாவது அந்த ஒரு உதவி செய்தது.

ஜங்ஷன் கடைக்காரர் கேசட்டுகளைக் கவுண்டரில் வைக்கச் சம்மதித்தார். எங்கள் மேல் அன்பினால் இல்லை. அந்த மெஷினுக்கு அவரிடம் காட்டுவதற்கு வேறு ஒன்றுமே இல்லை. அட்டையை அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் அடித்தோம். அதனால் ஒரு கேசட் ரோஸ் நிறம், ஒரு கேசட் மஞ்சள் நிறம். ஒன்றிரண்டின் ஓரத்தில் யார் வீட்டுக் குத்துவிளக்கோ பாதி தெரியும். வெளியீடு என்ற இடத்தில் 'தென்காசி' என்று போட்டோம். எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. மெட்ராசில் இல்லை, பம்பாயில் இல்லை, தென்காசியில்.

படியெடுக்கிற வேலையை ரதவீதியில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தோம். பாட்டுகளின் பெயரை எழுதிக்கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருகிற கடை. கடை அண்ணாச்சி எங்களை உட்காரவைத்து முதல் படியை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தோம், ஓடியது. மீதியை அவர் பிறகு பதிந்து கட்டாகக் கொடுத்தார். நாங்கள் அட்டை போட்டு ஜங்ஷன் கடையில் வைத்துவிட்டோம்.

கொஞ்ச நாளில் ஜங்ஷன் கடைக்காரரிடமிருந்து ஆள் வந்தது, உடனே வரச் சொல்லி. போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்தார். ஒரு கேசட்டும் ஓடவில்லையாம். ஆலங்குளம் டாக்டர் கத்தினாராம், செங்கோட்டை மரக்கடைக்காரர் ஆள் அனுப்பினாராம், ராயகிரி பட்டாளத்துக்காரர் நேரிலேயே வந்துவிட்டாராம். வாங்கினவர்கள் யார் யார் என்று அவர் ஏசிய ஏச்சிலிருந்துதான் எனக்கே தெரிந்தது. எல்லாரிடமும் அவர் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? கேசட்டில் தப்பில்லை, மெஷினே அப்படித்தான் என்று. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சீசனுக்குக் குத்தாலத்தில் கடை போடப்போகிறார். மெஷினை அங்கே கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு, கொஞ்சம் மேலே போட்டால் மற்ற மெஷினைக் கொடுத்துவிடுவார். இதை அத்தோடு தலைமுழுகிவிடலாம்.

இளைத்தவன் பெண்டாட்டி ஊருக்கெல்லாம் மதினி என்பார்கள். அந்த மெஷினின் கதி அதுதான். கரண்ட் போனாலும் அதைத்தான் ஏசினார்கள், டிவியில் புள்ளி விழுந்தாலும் அதைத்தான் ஏசினார்கள். விற்ற கடைக்காரரே ஏசினால் அப்புறம் யார் வைத்திருப்பார்கள்? இருக்கிற ஏழெட்டுப் பேரும் மாற்றிக்கொண்டுவிட்டால் எங்கள் விளையாட்டை விளையாட இந்தச் சீமையில் ஒரு திரை இருக்காது. பீரோ மேலேயிருந்து இறக்கியதைத் திரும்ப அங்கேயே ஏற்றிவைக்க வேண்டியதுதான்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். நாற்காலியைக் காட்டினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"யம்மா, கோவிச்சுக்கிடாதிய. அந்த மெஷினுக்கு எழுதுதது கடல்ல பெருங்காயம் கரைக்க மாதிரி. மத்ததுக்கு எழுதுங்க, மெட்ராஸ்காரன் எடுத்துக்கிடுதேங்கான். அந்தப் பொம்பளைய மட்டும் தூக்கிட்டு ஒரு பட்டாளத்தானப் போடுங்க. கையில துப்பாக்கியக் குடுங்க. கொரங்கச் சுடட்டும்."

"துப்பாக்கியக் குடுத்தா அவ மொதல்ல கொரங்கச் சுட மாட்டா, அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்த ஒரு கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தென்காசி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அந்தக் கேசட்டை மெஷினில் போடவில்லை. சும்மா டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்பதுபோல ஓடவிட்டோம். முதலில் எதிரொலியோடு ரெக்கார்டிங் சென்டரின் பெயர் மூன்று தடவை முழங்கியது. அப்புறம் எங்கள் விளையாட்டு வந்தது. வந்தது என்ன, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்டதுபோல மொத்தையாக ஒரு உறுமல். கீச்சு என்பதே இல்லை. அது முடிந்ததும் விடாமல் ஒரு சினிமா டூயட், அதன் பிறகு இன்னொன்று, கேசட் தீருகிற வரைக்கும்.

மைனி அந்த டூயட்டை முழுசாகக் கேட்டாள். "நல்ல பாட்டு" என்றாள். பிறகு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ரதவீதிக்கு நடந்தோம்.

ரெக்கார்டிங் அண்ணாச்சிக்கு நாங்கள் ஏன் கோபமாக வந்திருக்கிறோம் என்றே புரியவில்லை. முதல் படியில் காது கூசுகிற மாதிரி ஒரே இரைச்சலாக இருந்ததாம். பெண்பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்தது கெட்டுப்போகக் கூடாதே என்று, மற்ற படிகளில் ஒரு குமிழைக் குறைத்து இன்னொரு குமிழைக் கூட்டி, இரைச்சலை எடுத்துவிட்டு, கனத்த முழக்கமாக 'பேஸ்' கொடுத்திருந்தார். அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. கேசட்டில் மீதி இடம் காலியாகக் கிடந்ததே, அதை எப்படி அப்படியே விடுவது? காலி டேப் விட்டால் வாடிக்கையாளர் ஏசமாட்டானா? நல்ல டூயட்டாகப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்திருந்தார்.

நல்லது செய்தவரை எப்படி ஏசுவது? நான் ஏசினேன். அது வேறு விஷயம். மைனிதான் நடுவில் புகுந்து, அந்த இரைச்சல்தான் விளையாட்டு என்று அவருக்குச் சொல்லிப் புரியவைத்தாள். குமிழ்களையெல்லாம் நடுவில் நிறுத்தச் சொல்லி, எங்கள் மெஷினையும் டிவியையும் குதிரைவண்டியில் ஏற்றி அவர் கடைக்கே கொண்டுபோனோம். ஒவ்வொரு கேசட்டாகப் பதிய வேண்டியது, அங்கேயே போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டியது. பாட்டுப் பதிய வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். காலி டேப்பைக் காலியாக விடத்தான் அவருக்கு மனசே இல்லை. பாட்டு விஷயத்தில் நாங்களே விட்டுக்கொடுத்தோம். விளையாட்டு ஏறி முடிந்தபிறகு பாட்டு வந்தால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது.

சீசன் கடை திறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. தபாலில் அனுப்பினால் யாரும் போட்டுப் பார்க்க மாட்டார்கள். ஒருமுறை ஏமாந்தவன் கேசட்டைக் கையால் தொடுவானா? நேரில் போய், கண் முன்னால் ஓட்டிக்காட்டினால்தான் உண்டு. ஊர் ஊராகப் பொம்பளைகள் இரண்டு பேர் கேசட் விற்கப் போவதா என்று வீட்டில் ஒரு சண்டை நடந்தது. விற்கப் போகவில்லை, விற்றதற்குப் பதில் சொல்லப் போகிறோம் என்றேன். எப்படியும் வேண்டாம் என்றார்கள். அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

ஆலங்குளத்தில் தோற்றோம். டாக்டர் ஜங்ஷன் கடைக்கே நேராகப் போய் மெஷினை மாற்றிக்கொண்டுவிட்டார். அவர் வீட்டு டிவியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. புது கேசட்டை நீட்டினேன். வேண்டாம் என்றார். அதில் வேறு பாட்டுப் பதிந்துகொள்ளலாமே என்று யோசனையும் சொன்னார். வெளியே வந்து தெருவில் நின்று நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

செங்கோட்டையில் மரக்கடைக்காரர் கேசட்டை வாங்கி, நோக்கட்டே, அப்புறம் சொல்லுதேன் என்று பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்லி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். ஓட்டிக்காட்டவும் விடவில்லை. அது தோல்வியா ஜெயமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மைனி ஜெயம் என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அவளுக்கு எல்லாமே ஜெயம்தான்.

ராயகிரிக்கு மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பட்டாளத்துக்காரர் வீடு என்று பஸ் நிற்கிற இடத்தில் கேட்டதும் கூட்டிக்கொண்டே போய்விட்டார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து விவசாயம் பார்க்கிறவர். பெரிய மீசை, சின்னக் குரல். மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொன்னார். மூலையில் மெஷின் அதன் அட்டைப்பெட்டிக்குள் சணல் கயிறு கட்டித் தயாராக இருந்தது. மறுநாள் குத்தாலத்தில் கடை திறக்கிறதாம், காலையில் முதல் பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தார். ஒருநாள் பிந்தியிருந்தால் போயிருக்கும்.

தப்பு கேசட்டில் இருந்தது, மெஷினில் இல்லை என்று சொன்னேன். கடைக்காரர் வேறு மாதிரியல்லவா சொன்னார் என்றார். ஒருதரம் அவிழ்த்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருப்பேன். பட்டாளத்தில் இருந்தவருக்கு அதட்டல் பழகியிருக்கும்போல, கயிற்றை அவிழ்த்தார்.

கீச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பாறை வந்தது. மூட்டைகள் வந்தன. அருவி கொட்டத் தொடங்கியது. மைனி என் முழங்கையைக் கிள்ளினாள்.

முதலில் அவர்தான் விளையாடினார். நான் பார்த்ததிலேயே அப்படி ஒரு காவலை யாரும் காத்ததில்லை. ஒரு குரங்குகூடப் பாறையைத் தொடவில்லை. நெடுநேரம் ஆடினார். பிறகு திரையின் மேலே பார்த்து முகம் சுருங்கினார்.

"பாத்தியளா, சைபர்லயே நிக்குது. மெஷின் கோளாறுதான்."

எனக்கு வாயில் வந்ததை விழுங்கினேன். அந்நிய ஆட்கள் முன்னால் வாயே திறக்காத மைனி அப்போது பேசினாள்.

"கோளாறு இல்ல அண்ணாச்சி. காவல் காத்தா அம்புட்டுதான்."

அவருக்குப் புரியவில்லை. அதுவரை கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவரை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். எந்தச் சாவி எதற்கு என்று கேட்டுக்கொண்டார். இரண்டு குரங்கை விரட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டு மைனியைப் பார்த்தார்.

"அப்பம் இவ எப்பம்தான் குளிப்பா?"

"விட்டுட்டுப் போனா குளிக்கலாம்" என்றாள் மைனி.

அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணைப் பாறையிலிருந்து இறக்கி நேராக அருவிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். புள்ளி ஏறத் தொடங்கியது. வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு குரங்கு வந்து பிள்ளைகள் மூட்டையைத் தூக்கியது. அடுத்தது வீட்டுக்காரர் மூட்டையோடு ஓடியது. திரையின் அடியில் மைனி வரைந்த எழுத்துகள் வரிசையாக விழுந்தன: ஏட்டி, வேட்டி எங்க?

அறை முழுக்க ஒரே சிரிப்பு. பட்டாளத்துக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கையில் சணல் கயிறோடு நின்றவர், நேரமாகிறது, திரும்பக் கட்டிவைக்க வேண்டும், காலையில் கொண்டுவருவதாகக் கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்த அம்மா திரும்பவில்லை. விரலைச் சாவியிலிருந்து எடுக்கவும் இல்லை.

"குடுக்க முடியாதுன்னு சொல்லிருங்க. நான் இன்னும் குளிச்சு முடிக்கல."